எழுபத்தொரு சதவீதம்

சர்வர் அறைக்குள் யாராவது செருப்போடு வந்தால் எனக்கு ஆகாது, சார். உங்கள் போலீஸ்காரர்கள் பூட்ஸோடு வந்ததைக்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் இந்த ஸ்கேன் சென்டர் திறந்த நாளிலிருந்து, இருபத்திரண்டு வருடமாக, சிஸ்டம் எல்லாம் என் பொறுப்பு. பாலகோபால் மேல் ஒரு குறை உண்டா என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஐம்பதாயிரம் பேரின் ஸ்கேன் படங்கள் எட்டு டிஸ்க் அடுக்கிய ஒரு பெட்டியில் இருக்கின்றன. ஒரு டிஸ்க் செத்தால் புதிதாக ஒன்றைச் செருகுவோம். போனதை மற்ற ஏழும் சேர்ந்து அதில் திரும்ப எழுதிக் கொடுக்கும். ரீபில்ட் என்போம். அது முடிகிறவரை பெட்டியைத் தொடவே கூடாது.

போன வாரம் ஒரு டிஸ்க் போனது. மாற்றினேன். மூன்று முறை ரீபில்ட் ஓட்டினேன், மூன்று முறையும் எழுபத்தொரு சதவீதத்தில் நின்றது. முதலாளி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கோபிசெட்டிபாளையத்திலிருந்து நவநீத் என்ற இன்ஜினியரை வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தான். தங்கமான மனுஷன். நான்காவது ரீபில்ட் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி எழுதி வைத்திருந்த லாக் பதிவைப் படித்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"அண்ணா, டிஸ்க்கு நல்லாத்தான் இருக்குதுங்க. பெட்டியையும் கம்ப்யூட்டரையும் பேச வெக்கிற டிரைவர் சாஃப்ட்வேர்தான் கோளாறுங்க. இதுக்குப் போயி பழைய டிரைவரை யாருங்க போட்டது?"

"ஓடிட்டு இருக்கறப்பக் கையை வெக்காத கண்ணு."

"இதும் எழுபத்தொண்ணுல நிக்கத்தானுங்க போகுது. நிறுத்திப்போட்டு டிரைவரை மாத்தீரலாமுங்க. முதலாளிக்கும் ஒரு வார்த்தை எழுதிப்போடறேனுங்க."

கீபோர்டில் கை வைத்தான். சர்வர் அடுக்கும் ரேக்கிலிருந்து கழற்றிய இரும்புச் சட்டம் பக்கத்தில் இருந்தது. பின்மண்டையில் ஓர் அடி. திரும்பினான், அதனால் வாயில் இன்னொன்று. ஒரு பல் கீபோர்டில் விழுந்தது, எடுத்துப் போட்டுத் துடைத்தேன். கீழே விழுந்த பிறகு இரண்டு முழங்காலிலும் அடித்தேன். எழுந்து வந்து சுவிட்சைத் தொட்டுவிடக் கூடாதல்லவா.

அவன் சாகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸ் வந்தால் நாலு பேர் உள்ளே நுழைந்து வயரை மிதிப்பார்கள். ரீபில்ட் முடியட்டும் கண்ணு, உடனே கூப்பிடுகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவன் மனைவி பூஜிதா நான்கு முறை போன் செய்தாள். அவன் போனைச் சைலன்டில் போட்டேன். ஐம்பதாயிரம் பேரா, ஒருத்தனா என்று வந்தால் நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

ரீபில்ட் எப்போது நின்றது என்று கேட்டீர்கள். பதினோரு மணிக்கு, அவன் சொன்ன அதே இடத்தில். அவன் மதியம் இரண்டரை மணி வரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பழைய டிரைவரைப் போட்டது நான்தான், சார். பிழைத்திருந்தால் அதை அவன் முதலாளியிடம் சொல்லியிருப்பான்.