முந்திரி வேணாம்

ஹேமலதா: ஏய் சத்யா, குக்கர்லேருந்து கைய எடு! மூடிய தொறக்காதன்னு எத்தன தடவ சொல்றது?

சத்யா: ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேன் அண்ணி...

ஹேமலதா: தொறந்தா கேக்கு உக்காந்துரும்னு வீடியோவுல அந்தப் பொம்பள தலதலையா அடிச்சிக்கிறா. அடுப்ப சிம்ல வச்சிட்டு சும்மா இருக்கணும், அவ்ளோதான். ஒன்னால அதுதான் முடியல.

சத்யா: எப்படி சும்மா இருக்கிறது? மாப்பிள்ள வூட்டுக்காரங்க பெரம்பலூர்லேருந்து கெளம்பிட்டாங்க...

ஹேமலதா: யாரு சொன்னது?

சத்யா: ...இந்நேரம் கெளம்பியிருப்பாங்கல்ல. அதச் சொன்னேன்.

ஹேமலதா: ம்ம்.

சத்யா: எல்லாம் இந்த அம்மாவால. எம்பொண்ணு கேக்கெல்லாம் செய்வான்னு புரோக்கர்ட்ட அளந்து விடச்சொல்லி யாரு கேட்டா?

ஹேமலதா: ஜெயங்கொண்டத்துல வாங்குன கேக்க ஒன் கைப்பக்குவம்னு குடுத்து விட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா அதையே புடிச்சிக்கிட்டாங்க. சொஜ்ஜி பஜ்ஜி வேணாம், பொண்ணு செஞ்ச கேக்கு போதுமாம்.

சத்யா: அவங்க சாப்பிட்டாத்தான் சம்மதம். தட்டத் தொடாம எந்திரிச்சா...

ஹேமலதா: அரியலூர்ல ஒரு வூட்டுல தண்ணிய மட்டும் குடிச்சிட்டு எந்திரிச்சிட்டாங்களாம்.

சத்யா: ஐயோ! இப்ப ஏன் அண்ணி அதச் சொல்றீங்க? கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு அவரு சென்னைக்குப் போயிட்டா அப்பறம்...

ஹேமலதா: அப்பறம் என்ன? போன வாரம் கல்யாணமே வேணாம்னு மொகத்த தூக்கி வச்சிருந்தவதானே நீ?

சத்யா: அது... அம்மா மானம் போயிரக் கூடாதுல்ல.

ஹேமலதா: அடேங்கப்பா! அம்மா மேல என்னா அக்கற!

அம்மாக்கண்ணு: அடியே, உள்ள என்னங்கடி சத்தம்? கேக்கு ஆச்சா?

ஹேமலதா: ஆயிட்டே இருக்கு அத்த! நீங்க வாசல்லயே நின்னு வண்டி வருதான்னு பாருங்க!

சத்யா: அண்ணி, தீயிற வாசன வருது.

ஹேமலதா: நகரு, அணைக்கிறேன். துணியக் குடு... சத்யா...

சத்யா: என்னாச்சு? சொல்லுங்க...

ஹேமலதா: நடுவுல குழி விழுந்திருச்சு.

சத்யா: செத்தேன்.

ஹேமலதா: தொறந்து தொறந்து பாத்தா? அடி தீஞ்சிருச்சு, நடுவுல கொழகொழன்னு நிக்குது.

சத்யா: அண்ணன பேக்கரிக்கு அனுப்புவமா?

ஹேமலதா: உங்கண்ணன் போயிட்டு வர்றதுக்குள்ள அவங்க வந்துட்டே போயிருவாங்க. அழுவாத. மாவா போட்டோம்? பொடிச்ச பிஸ்கட்டுதானே, முன்னாடியே வெந்தது. தீஞ்சத வெட்டித் தள்ளிட்டு, டின்பால் ஊத்திப் பெசஞ்சு உருண்ட புடிச்சிருவோம்.

சத்யா: கேக்க உருண்டயாவா?

ஹேமலதா: பேரு கேட்டா கேக் லட்டுன்னு சொல்லு. பெச... ம், அப்படித்தான். இப்ப நம்ம தோப்பு முந்திரிய பொடிச்சு மேல பெரட்டுனா, எந்த பேக்கரி வந்து முன்னால நிக்கும்?

சத்யா: முந்திரி வேணாம்.

ஹேமலதா: என்னாது?

சத்யா: சும்மா... வேணாம் அண்ணி.

ஹேமலதா: முந்திரி வெளையிற மீன்சுருட்டியில பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு அது இல்லாத பலகாரமா? ஊரே சிரிக்கும். அந்த டப்பாவ எடு.

சத்யா: போடாதீங்க அண்ணி! அவங்கம்மாவுக்கு முந்திரி ஆகாது! துளி பட்டாலும் ஒடம்பெல்லாம் தடிச்சு, ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கணும்...

ஹேமலதா: புரோக்கர் சொன்னாரா?

சத்யா: ...இல்ல.

ஹேமலதா: பின்ன?

சத்யா: அண்ணி, ஒங்க கால்ல விழறேன், அம்மாட்ட சொல்லிறாதீங்க. லவ்வுன்னு காதுல விழுந்தா வந்தவங்கள வாசலோட அனுப்பிரும். ரெண்டு வருஷமா நானும் இந்த மாப்பிள்ள அரவிந்தனும்... புரோக்கர நம்ம வூட்டுக்கு அனுப்புனதே அவருதான்.

அம்மாக்கண்ணு: வண்டி வந்துருச்சு! தட்ட எடுத்து வையிங்கடி!

ஹேமலதா: ஆச்சு அத்த! ...நின்னுக்கிட்டே இருக்காத, அந்த முந்திரி டப்பாவ தொற.

சத்யா: அதான் வேணாங்கிறேன்ல... என்னது இது? தேங்காத்துருவலு!

ஹேமலதா: கேக்கு மேல தூவத்தான் காலையிலயே வறுத்து வச்சிட்டேன், சீக்கிரம் பெரட்டு. அவங்கம்மா விஷயத்த அரவிந்தன் தம்பி எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணி சொல்லுச்சு. அந்தத் தம்பிக்குப் புரோக்கர் நம்பர குடுத்ததும் நாந்தான்... நீயா எப்ப வாயத் தொறப்பேன்னுதான் இத்தன நாளா பாத்துக்கிட்டிருந்தேன்.