குறைவாகத்தான் இருந்தது நீராவி

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். அறையில் ஐம்பத்து மூன்று பேர், நாற்காலி நாற்பதுதான். மேடையிலிருக்கும் இயக்குநர் அவர்களே, மறைந்தவரின் கணவரான எங்கள் மாமா அவர்களே, கால் கடுக்க நிற்கும் நண்பர்களே, வணக்கம். சுருக்கமாகப் பேசுகிறேன்.

நம் ஆய்வகத்தின் முதுநிலை நோக்குநர், நாம் எல்லோரும் 'நீராவி அக்கா' என்று கூப்பிட்டவர், போய்விட்டார். விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் இருண்ட மேகங்களில் தண்ணீர் எவ்வளவு ஆவியாக இருக்கிறது என்று விண்வெளித் தொலைநோக்கியால் அளந்தவர். பதினெட்டு வருடம்! அவர் நோட்டில் முடிவு இரண்டே வகை: 'பார்த்தேன்', 'பார்க்கவில்லை'. 'இருக்கலாம்' என்று எங்காவது உண்டா? மாமா கொடுத்த பன்னிரண்டு நோட்டையும் புரட்டிவிட்டேன். இல்லை!

பொறுமைசாலி என்றார்கள் எனக்கு முன் பேசியவர்கள். பொறுமையா? லிஃப்ட் வர அரை நிமிடம் ஆனாலே படியேறிப் போய்விடுவார். ஆனால் ஒரே மேகத்துக்காக இருநூற்றுப் பதினான்கு மணி நேரம் அளவெடுத்தார். கிடைத்தது, நிறமாலையில் நீராவியைக் காட்டும் ஒரு மெல்லிய கோடு. அதே மேகத்துக்கு நான் கணினியில் போட்ட கணக்கு சொன்னதில் நூறில் ஒரு பங்கு நீராவி.

"உங்க கருவியில ஏதோ கோளாறுக்கா," என்றேன்.

"கருவி பழசுதான். நான் அதைவிடப் பழசு. மேகம் எங்க ரெண்டு பேரையும் விடப் பழசு, தம்பி. உன் கணக்குல தூசி எவ்வளவு குளிர்னு பாத்தியா?"

"அதெல்லாம் பாத்தாச்சுக்கா."

பார்க்கவில்லை.

இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் 'அளவீட்டில் பிழை இருக்கலாம்' என்று எழுதினேன். "அப்ப என் பேரை எடுத்துடுப்பா," என்றார். அவ்வளவுதான். பிறகு அவர் இன்னும் அறுபது மணி நேரம் கேட்டபோது, என்னுடைய அந்த வரியைக் காட்டித்தான் தொலைநோக்கிக் குழு மறுத்தது.

அவர் இறந்த நான்காம் நாள் கணினியில் என் கணக்குக் கோப்பைத் திறந்தேன். விண்மீன் பிறக்கும் ஒரு சூடான மேகத்துக்குப் போட்ட பழைய கோப்பை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். தூசியின் வெப்பநிலை மைனஸ் 163 டிகிரியிலேயே கிடக்கிறது. மேகத்துக்கு அதுவே சூடு! அக்கா பார்த்த மேகத்தில் மைனஸ் 263. அந்தக் குளிரில் நீராவி எங்கே தங்கும்? தூசிமேல் பனியாக ஒட்டிக்கொள்ளும். திருத்தி ஓட்டினேன். அக்கா அளந்த அதே அளவு வந்து நின்றது.

மாமா, பிழை அக்காவுடையது அல்ல. என்னுடையது. அவர் காதில் சொல்லியிருக்க வேண்டும். ஐம்பத்து மூன்று பேர் காதில் சொல்கிறேன்.

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை இதழுக்குத் திருத்தம் அனுப்புவேன். பிழை யாருடையது என்பது முதல் வரியிலேயே இருக்கும்.

2. அந்த அறுபது மணி நேரத்தை அவர் எழுதிய விண்ணப்பத்தை வைத்தே, ஓர் எழுத்தும் மாற்றாமல், மறுபடி கேட்பேன். மறுத்தால், மறுபடியும்.

3. பன்னிரண்டாவது நோட்டில் பாதி காலி. இனி கணினியை ஓட்டும் முன் அதில் எழுதுவேன்: தூசி, மைனஸ் 263. பார்த்தேன்.