செனட் கூட்டத்துக்குப் போய்ச் சேராத வண்டி

1938-ஆம் வருஷம் மார்ச் மாதம், சப்-மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாக, கரையான்சாவடியில் குடியிருக்கும் துலுக்கானம் மகன் சின்னப்பையன், வயது 38, ஆதி திராவிட ஜாதி, ஜட்கா வண்டி ஓட்டும் தொழில், சொல்லும் வாக்குமூலம்:

நான் குடிசை போட்டிருக்கும் மனை கங்காதர முதலியாருக்குச் சொந்தம். அவர் ஒரு காலேஜை நடத்துகிறவர். இறந்துபோன மணவாள நாயக்கர் ஹெட்மாஸ்டராயிருந்து பென்ஷன் வாங்கியவர். சர்வகலாசாலை செனட்டில் மெம்பர். கூட்டம் இருக்கும்போதெல்லாம் அவரை ஆவடி ஸ்டேஷனுக்கு நான்தான் ஏற்றிப் போவேன்.

சென்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலியார் என்னைக் கூப்பிட்டனுப்பி, “நாளைக்கு நாயக்கர் ரயிலப் புடிக்கக் கூடாது. வழியில எங்கனா வண்டிய நிறுத்தி வெச்சுக்கோ. மாட்டேன்னா குடிசையப் பிரிச்சிகினு போயிடு” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நாயக்கரை ஏற்றிக்கொண்டு போனேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதாக இறங்கி, இடதுபக்கச் சக்கரத்தின் கடையாணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மெதுவாக ஓட்டினால் சக்கரம் விலகி வண்டி நின்றுவிடும், யாருக்கும் அடிபடாது என்று எண்ணினேன். அதன்பின் நாயக்கர், “நேரமாயிடுச்சு சின்னப்பையா, கொஞ்சம் தட்டி ஓட்டு” என்றார். முடியாதென்றால் காரணம் கேட்பாரே என்று பயந்து குதிரையைத் தட்டினேன். மதகு இறக்கத்தில் சக்கரம் கழன்று வண்டி குடை சாய்ந்தது. அவர் தலை கல்லில் மோதியது. நான் தூக்கியபோது, “குதிரைக்கு ஒண்ணும் ஆவலியே?” என்று என்னைக் கேட்டார்.

அதன்பின் ஆஸ்பத்திரியில் போலீசார் விசாரித்தபோது, ஆணி வழியில் விழுந்திருக்கும் என்று பொய் சொன்னேன். நாயக்கரும் என்மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் இறந்துபோனார்.

இன்று காலை அவர் வீட்டுக்குப் பந்தல் பிரிக்கப் போனேன். அவர் சம்சாரம் தாட்சாயிணி அம்மாள் எனக்கு மோர் கொடுத்து, “ஒங்க பசங்கள ஆஸ்டல்ல சேக்காத காலேஜுக்கு அங்கீகாரம் தரக் கூடாதுன்னு தீர்மானம் கொண்ணாரத்தாம்பா கெளம்புனாரு. கொண்டாந்தவரு வரலேன்னு அத்தத் தள்ளிட்டாங்களாம்” என்றார். அந்த மோரை நான் குடிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு நேராக இந்த மாஜிஸ்திரேட் கச்சேரிக்கு வந்தேன்.

என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. நான் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டினார்கள். ‘தற்செயலாக’ என்று குமாஸ்தா ஓரிடத்தில் எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொன்னேன், அடித்தார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அவ்வளவும் நிஜம்.

சின்னப்பையன், இடதுகைப் பெருவிரல் ரேகை.