'கியா' என்றால் போனான்

என் சிங்களத்தைக் கேட்பவர்கள் நான் பனிச்சங்கேணித் தமிழச்சி என்றால் நம்புவதில்லை. கட்டுநாயக்காவில் கார்மெண்ட் வேலை செய்த காலத்தில் பழகியது. ஊரில் யாரையாவது பொலிஸ் கூப்பிட்டால் என்னைத்தான் துணைக்குத் தேடுவார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

போன கார்த்திகையில் பக்கத்து வீட்டு அன்னப்பூரணி அக்கா, காணாமல்போன மகன் உதயரூபனுக்காக வாவிக்கரையில் விளக்கேற்றினார். யாரோ எடுத்த படத்தை வைத்து, இயக்கத்தின் மாவீரர்களுக்கு ஏற்றியதா என்று பொலிஸ் விசாரணைக்குக் கூப்பிட்டது.

"எனக்கு அவங்கட பாஷையில ஒரு சொல்லும் தெரியாது. நீ வாகா" என்றார். போனேன்.

அதிகாரி மரியாதையான மனிதர். பிளேன்டீ தந்தார். எங்கள் ஆட்களைப் போலவே கதைக்கிறீர்கள் என்று மெச்சினார். உங்கள் மகன் கட்டார் போக பொலிஸ் ரிப்போர்ட் கேட்டிருக்கிறான்தானே, பார்ப்போம் என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அவர்மேல் நான் பழி போட மாட்டேன்.

அக்கா சொன்னது இதுதான்: "பள்ளிக்கூடத்தால வரக்குள்ள என்ட புள்ளய இயக்கம் புடிச்சுக்கொண்டு போனது. ஓடிவந்து வீட்ட நிண்டவன ஆமி ஏத்திக்கொண்டு போனது. அதுக்குப் பிறகு காணல்ல. எனக்கு அவன் வேணும்."

இயக்கத்துக்குப் போனவன் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். 'கியா' என்றால் போனான். 'பிடித்துக்கொண்டு' என்பதற்கும் அவர்களிடம் சொல் இருக்கிறது. எனக்குத் தெரியும். ஆமி ஏற்றியதை நான் சொல்லவேயில்லை.

"விருப்பப்பட்டுத்தானே போனான்?"

"ஓம் சேர்."

"என்னவாம்?" என்று அக்கா என் கையைப் பிடித்துக் கேட்டார்.

"ஒண்டுமில்லக்கா, எழுதுறாங்க" என்றேன். எழுதியதன் கீழே அக்கா கையெழுத்து வைத்தார்.

உதயரூபனை இயக்கம் இழுத்து ஏற்றிய அன்று, அக்காவோடு சேர்ந்து அந்த வாகனத்தின் பின்னால் கத்திக்கொண்டு ஓடியவள் நான்.

அக்கா இப்போது பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மறியலில் அடைபட்டிருக்கிறார். மகனைத் தேடித் தரும்படி கொடுத்த முறைப்பாடும், போராளிதானே என்று மூடப்பட்டுவிட்டது. என் மகன் நிலோஜன் கட்டாரில் நன்றாக இருக்கிறான். வீடியோவில் அவன் "அம்மா" என்று கூப்பிடும்போது வெட்கத்தில் முகம் கொடுக்க முடியவில்லை. ஆனாலும், பயத்தில் வாய் தடுமாறிவிட்டது என்றே எனக்கு நானே சொல்லிவந்தேன்.

நேற்று அக்காவின் மகள் ஆர்த்திகா வந்தாள்.

"மாமி, அம்மாட வழக்குக்குக் கொழும்பால ஒரு சட்டத்தரணி வாறாவாம். சும்மா உதவுறா. அவவுக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்தில சொல்லிக் குடுக்க ரெண்டு மூண்டு பேர் வாறம் எண்டவங்க. அம்மா ஒருத்தரும் வேணாமாம். நீங்கதான் அவ சொல்றதச் சொன்னபடி சொல்லுவீங்களாம்."

"நான் வாறன் எண்டு சொல்லு மகள்" என்றேன்.

சுகமில்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. வேறு யாராவது போனால், அக்கா சொல்வது அப்படியே அந்தச் சட்டத்தரணியின் காதில் விழுந்துவிடும்.