பத்திலிருந்து ஐந்து வரை

வீட்டிலேயே தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், முதலில் கதவுள்ள ஓர் அறையைப் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன். சரக்கு எங்கே வாங்குவது, யாரிடம் விற்பது எல்லாம் போகப் போகப் பிடிபட்டுவிடும். கதவு இல்லாவிட்டால் காபி, கரண்ட் பில், காணாமல்போன சாக்ஸ் என்றே பொழுது போய்விடும். மகளிர் கூட்டத்தில்கூட இதைப் பேசியிருக்கிறேன் மேடம். கை தட்டினார்கள்.

நான் மெழுகுவர்த்தி செய்கிறவள். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் தொழில். என் கணவர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. அவர் ஆபீஸ் போன காலத்தில் பகலில் ஒரு போன் போட்டால் போதும், கடித்துக் குதறுவார். வேலை நேரம் என்றால் வேலை நேரம்தான். என் வேலைக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. மணிக்கு நாலு தடவை "முதலாளியம்மா" என்று நக்கலாகக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வருவார். மெழுகு ஊற்றும்போது பாதியில் நிறுத்தினால் நடுவில் கோடு விழுந்துவிடும், அந்த வர்த்தியை யாரும் வாங்க மாட்டார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஓர் அட்டைக்கு ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையும் அடித்துக் கதவில் மாட்டினேன். வேலை நடக்கும்போது, பத்திலிருந்து ஐந்து வரை, சிவப்பு. "வீடு பத்திக்கிட்டு எரிஞ்சா ஒழிய என்னைக் கூப்பிடாதீங்க" என்றேன். கோபத்தில் சொன்ன வார்த்தைதான், மறுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, உருக்கிய மெழுகுப் பாத்திரத்தோடு வழுக்கி விழுந்தேன். இடது கையிலும் பாதத்திலும் கொட்டியது. மெழுகு தண்ணீர் மாதிரி வழிந்து போய்விடாது, தோலோடு ஒட்டிக்கொண்டு நின்று சுடும். எழுந்திருக்க முடியாமல் கத்தினேன். கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன் சத்தத்தைக் கூட்டினார். நான் தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தபோது, உட்கார்ந்த இடத்திலிருந்தே அட்டையைக் கைகாட்டி, "சிவப்பு போட்டிருக்கியே" என்றார்.

அன்றிலிருந்து இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன் மேடம். அவர் அதை ஜோக் ஆக்கிவிட்டார். யார் வந்தாலும், "வீடு எரிஞ்சாத்தான் கூப்பிடணும்னு சொன்னா. வீடா எரிஞ்சுது? அவ கைதானே எரிஞ்சுது" என்பார். என் நாத்தனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். நான் அதே கையால் எல்லோருக்கும் காபி கொடுப்பேன். இப்படியே இரண்டு வருடம்.

போன செவ்வாய்க்கிழமை, பரணிலிருந்து பெட்டியை இறக்குகிறேன் என்று நாற்காலி மேல் ஏறிக் கீழே விழுந்தார். பதினொரு மணி இருக்கும். இடுப்பு போய்விட்டது, தலையிலும் அடி. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற மனிதர். அவருடைய போன் படுக்கையறையில் கிடந்தது. டி.வி. சத்தத்தில் அக்கம்பக்கத்தில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. பின்னறைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குக் கேட்டது.

முதலில் அதட்டலாகக் கூப்பிட்டார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான புதிதில்தான் அப்படிக் கூப்பிடுவார். நான் கதவைத் திறக்கவில்லை.

"ஏங்க, வீடு பத்திக்கிச்சா?"

"விளையாடாதம்மா. என்னால எந்திரிக்க முடியல."

பன்னிரண்டரைக்குத் தண்ணீர் கேட்டார். ஒன்றே காலுக்கு, அன்றைக்குத் தான் செய்தது தப்புதான், மன்னித்துவிடு என்றார். நன்றாகவே காதில் விழுந்தது. இதை நாத்தனார் முன்னால் சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மணிக்கு மேல் டி.வி. மட்டும்தான் பேசியது. மதியத்துக்குள் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம்.

நான் முதலில் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததில், அவசர ஆர்டர், வேலை மும்முரத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று இருக்கும். அதை அடித்துவிடுங்கள். அன்றைக்கு ஆர்டரே இல்லை. அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. அவர் விழுந்தபோது நான் சமையலறையில் இருந்தேன், கதவில் பச்சைதான் தொங்கியது. சத்தம் கேட்டதும் ஓடி வந்தேன். ஓடித்தான் வந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கையை நீட்டினார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு பின்னறைக்குப் போய், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அட்டையைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மற்றபடி நான் சொன்ன நேரத்தை மீறவில்லை. ஐந்து அடித்ததும் மறக்காமல் பச்சைக்குத் திருப்பிவிட்டு, முதல் வேலையாக ஆம்புலன்சுக்குத்தான் போன் போட்டேன்.