சத்தமில்லாத விசிறி

கொட்டகலையில் நல்ல வெயில் அடிக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குளிரிலும் என் பழைய வால்வு ஆம்பிளிபயர் மேல் கை வைக்க முடியாது. பத்து நிமிஷம் இசைத்தட்டு பாடினால் தோசைக்கல்தான். விசிறி வைக்காவிட்டால் வால்வு போய்விடும்.

தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் இடத்தில், இருபத்திரண்டு வருஷம் விசிறிகளைப் பார்த்துக்கொண்டவன் நான், ஐயா. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் காற்று நிறைய வரும், சத்தம் வராது. சின்னது வேகமாகச் சுற்றிக் கொசு மாதிரிக் கத்தும். ஹட்டனில் வாங்கிய இரண்டும் கொசுதான். தம்புரா கேட்க வேண்டிய இடத்தில் ஙொய்யென்று இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? எனக்கு எரிச்சலாக வந்தது.

நல்ல விசிறி வீட்டிலேயே இருந்தது. என் மனைவி ஜீவராணிக்கு நுரையீரல் பழுது. ஒரு சங்கம் அவளுக்கு ஆக்சிஜன் மெஷின் இரவல் தந்திருந்தது. அதற்குள் இருந்த விசிறி கையகலம், பட்டுப்போல் சுற்றும். கழற்றினேன். அந்த இடத்தைச் சும்மா விடவில்லை, கடை விசிறி ஒன்றை மாட்டினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரியதை வால்வுகளுக்கு மேலே சைக்கிள் டியூப் ரப்பர் வைத்துப் பொருத்தி, வேகத்தைப் பாதியாக்கினேன். ஆம்பிளிபயர் ஆறியது.

இப்போது மெஷின் கத்தத் தொடங்கியது. ஜீவராணி கொழுந்தெடுக்கப் போன காலத்துக் கம்பளியை அதன்மேல் போர்த்தினேன். அவளைப் பார்க்க வந்த தங்கை பிரேமினி சிரித்தாள்.

"ஏன் அத்தான், மெஷினுக்குமா குளிருது?"

"மனுசனே வெறைச்சுப் போறான். அது மட்டும் தாங்குமா?"

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இதை யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கோழிக்கூட்டுக்கும் சாக்குப் போர்த்துகிறவர்கள் நாங்கள். ஆனால் பிரேமினி போகும்போது கம்பளியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்படிச் சுடுதே," என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சூடு தாங்காமல் மெஷினின் எச்சரிக்கை மணி அடித்தது, அதுவும் ஆலாபனை நடுவில். மணியின் வயரை வெட்டிவிட்டேன்.

"இது நின்னு நின்னு ஓடுதுங்க. மூச்சு முட்டுது. பயமா இருக்கு," என்றாள் ஜீவராணி.

"நான் இருக்கேன்ல? கத்தி ஒடம்பக் கெடுத்துக்காத. இந்தா, டம்ளரும் கரண்டியும். தட்டு, ஓடி வாறேன்."

அவள்மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை, ஐயா. தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்தவன் நான்தான்.

செவ்வாய்க்கிழமை பகல். லயத்தில் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். கச்சேரி இசைத்தட்டைப் போட்டேன். பாதியில், அடுத்த அறையில் மெஷின் நின்றது. வீடு அவ்வளவு அமைதியாக என்றைக்குமே இருந்ததில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு, அவ்வளவு சந்தோஷம்.

பாட்டுச் சத்தத்தில் அவள் டம்ளரைத் தட்டியது கேட்காமல் போயிருக்குமோ என்று கேட்கிறீர்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் என் வேலையை நானே குறைத்துச் சொல்லக்கூடாது. அந்த வீட்டில் ஒரு பொட்டு இரைச்சல் கிடையாது. ஒவ்வொரு தட்டும் தெளிவாகக் கேட்டது. பதினொரு தடவை.

பாட்டு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.