காதுக்குள் ஒரு டீச்சர்

— ஏரிக்கரை வரிக்கும் நடந்தே கூட்டியாந்துட்ட, சரி. இப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்லு கார்த்தி. காலைல அந்த வியட்நாம்காரன்கிட்ட இன்னா பேசின? விஷால் எனக்குப் போன் போட்டு கத்துறான். உன் பொண்டாட்டி என் பேர நாறடிச்சிட்டாங்கறான்.

— வீட்டுல வச்சுப் பேச முடியாதுங்க. உங்கம்மா இருப்பாங்க. குழந்தை தீபியும் இருப்பா. அதான் அவள பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேன்.

— இங்க ஒரே நாத்தமா கீது. எவன் எதக் கொண்டாந்து கலக்குறானோ. ரயில்வே கேட் பக்கமா போய் ஒக்காரலாம் வா.

— எனக்கு இந்த நாத்தம் பரவால்ல. உக்காருங்க.

— சரி, ஒக்காந்துட்டேன். வேலை கீதா, இல்லியா? அத மட்டும் சொல்டு.

— முதல்லேர்ந்து சொல்றேன். நடுவுல புகுந்து பேசாமக் கேளுங்க. காலையில உங்கம்மா கோயிலுக்குக் கெளம்பினதும் லேப்டாப்ப சாப்பாட்டு மேசையில வச்சு உக்காந்தேன். அந்தப் பக்கம் அந்த வியட்நாம் இங்கிலீஷ் ஸ்கூல் ஓனர், கோட்டு சூட்டோட. அவர் பக்கத்துல மிஸ் லான்னு ஒரு அம்மா, அங்கயே ரொம்ப வருஷமா பாடம் எடுக்கிறவங்க. பூந்தமல்லி ஏஜென்சி ஆபீஸ்லேர்ந்து, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற உங்க ஃப்ரெண்டு விஷால். இன்னொரு கட்டத்துல ஒரு வகுப்பு, ஏழெட்டு வாண்டுங்க. பாடம் நடத்திக் காட்டுங்கன்னாங்க.

— அதுல நீ அடிச்சு ஆடியிருப்ப. எனக்குத் தெரியாதா?

— ஆமா, நல்லாத்தான் எடுத்தேன். சொல்லிக்கிறதுல என்ன வெக்கம். அடுப்படியிலேர்ந்து முருங்கைக்காயும் வெண்டைக்காயும் எடுத்துட்டு வந்தேன். இது நீளம், அது குட்டை, இதவிட அது நீளம்னு ஆரம்பிச்சேன். முருங்கைக்காயப் பார்த்ததும் ஒரு பொடியன் பாம்புன்னு அலறிட்டான். அதையே பிடிச்சுக்கிட்டேன். பாம்பு நீளமா, உன் பென்சில் நீளமான்னு போயி, கடைசில அதுங்க எல்லாம் எந்திரிச்சு, முதுகோட முதுகு ஒட்டி நின்னு, நான்தான் உசரம், நீ குட்டைன்னு இங்கிலீஷ்லயே சண்ட போட்டுக்குதுங்க. இங்க சேக்காட்டு ஸ்கூல்ல ஒரு மாசம் தொண்டை கிழியக் கத்தினாலும் எனக்கு அப்படி ஒரு வகுப்பு அமையாது. மிஸ் லான் வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. எனக்கே உடம்பு சிலிர்த்துப்போச்சு.

— அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற?

— ஓனர் கை தட்டினாரு. உங்கள மாதிரி டீச்சர நாங்க பார்த்ததே இல்ல, உடனே வாங்கன்னாரு. வந்தா எங்க உக்காரப் போறேன்னும் சொன்னாரு. வகுப்புக்குப் பக்கத்துல ஒரு சின்ன ரூமாம். கண்ணாடி வழியா வகுப்பு எனக்குத் தெரியும், நான் வகுப்புக்குத் தெரிய மாட்டேன். உள்ள ஒரு மைக்கு. வகுப்புல ஒரு வெள்ளக்காரப் பையன் நிப்பான், அவன் காதுல ஒரு மெஷினு. நான் இங்க உக்காந்து சொல்லச் சொல்ல அவன் அங்க நின்னு சொல்லுவானாம். நான் சிரிக்கச் சொன்னா சிரிப்பானாம்.

— டப்பிங் மாதிரியா?

— டப்பிங்லயாவது நம்ம குரல் வெளிய கேக்கும். இதுல அதுவும் கிடையாது. அவன் காதோட சரி. அந்தப் பையனையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. ஊர் சுத்திப் பார்க்க வந்தவனாம், கைக்காசு தீர்ந்ததும் அங்கயே ஒட்டிக்கிட்டானாம். அவங்க வீட்டுப் பாஷை இங்கிலீஷே இல்லையாம். என்னைப் பார்த்து கைய ஆட்டிட்டு கொட்டாவி விட்டான். அவன் முதுகுக்குப் பின்னால போர்டுல புதன்கிழமைய இங்கிலீஷ்ல எழுதி வச்சிருந்தான். நடுவுல வர்ற ‘டி’ எழுத்தக் காணோம்.

— அத யார் பாக்கப் போறா?

— அதைத்தான் ஓனரும் சொன்னாரு. ஏன் இப்படின்னு கேட்டேன். பிள்ளைங்களுக்கு நிறம் தெரியாது மேடம், ஃபீஸ் கட்டுறவங்களுக்குத் தெரியும், வாசல்ல ஒரு வெள்ளை மூஞ்சி நின்னாத்தான் ஸ்கூலுக்கு மதிப்புன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, நானும் கூட சிரிப்பேன்னு நெனச்சு. ஊசிப்போன சட்னிய தெரியாம வாயில வச்சுட்ட மாதிரி இருந்துச்சு. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல.

— தோ பாரு கார்த்தி. நான் சொல்றதக் கொஞ்சம் கேளு. கால் கடுக்க நிக்க வேணாம். ஏசி ரூமு. ஒக்காந்த எடத்துலேர்ந்து பேசிகினு இருக்கலாம். எவன் மூஞ்சி தெரிஞ்சா உனக்கு இன்னா? நம்ம ஃபேக்டரி எஸ்டேட்ல நடக்கலியா? சாமானத்த அடிச்சுக் குடுக்கறது மண்ணூர்பேட்டைல, மேல ஒட்டற ஸ்டிக்கர் வெளிநாட்டுக்காரன் பேரு. எவனாச்சும் ஒக்காந்து அழுவுறானா?

— நான் சாமானாங்க?

— பேச்சுக்கு சொன்னேம்மா. எதுனா சொன்னா அதையே புட்ச்சிக்க.

— இன்னும் முடியல, கேளுங்க. ஓனர் என்னை உத்து உத்துப் பார்த்துட்டு, நீங்க அனுப்பின போட்டோல வேற மாதிரி இருந்தீங்களே மேடம், அதப் பார்த்து உங்களையே வகுப்புல நிறுத்தலாம்னு இருந்தோம்னாரு. விஷால் குறுக்க பாஞ்சு, இன்னிக்கு அங்க லைட்டு சரியில்ல சார்ங்கறான். எந்தப் போட்டோன்னு கேட்டேன். எடுத்துக் காட்டினாங்க. நான்தான். எங்க தம்பி கல்யாணத்துக்குக் கட்டின புடவை, என் தோடு. மூஞ்சி மட்டும் மைதா மாவுல முக்கி எடுத்தாப்ல இருந்துச்சு. கைய மறந்துட்டாங்க போல. கை என் கையாவே இருந்துச்சு.

— அது நான் பண்ணதுதான். போன்லயே ஒரு ஆப் கீது, ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சிது. ஊர்ல எல்லாரும் பண்றதுதான?

— நீங்கதான்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு. குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடத்துல எனக்கு இன்டர்வியூ வந்தப்பவும் இப்படித்தான். நான் புடவை கட்டிட்டு கொரட்டூர் ஸ்டேஷன்ல நிக்கிறேன். என் மனைவிக்கு வேலைக்கு வர்ற உத்தேசம் இல்லன்னு நீங்க போன் பண்ணிட்டீங்க. பள்ளிக்கூடத்துக்குப் போய்த்தான் எனக்கே தெரிஞ்சுது.

— அன்னிக்கு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு ஆள் இல்ல. அத இன்னும் மனசுல வெச்சிகினு கீறியா நீ?

— வச்சுக்கல. ஞாபகம் வந்துச்சு, சொன்னேன். இன்னிக்கு அந்தப் போட்டோவப் பார்த்தும் நான் ஒண்ணும் சொல்லலங்க. சரி, நம்ம வீட்டு ஆளு, ஆசையில பண்ணிட்டாருன்னு முழுங்கிக்கிட்டேன். அப்பப் பார்த்து தீபி தூங்கி எழுந்து வந்துட்டா. தலையெல்லாம் கலைஞ்சு, அந்த மஞ்சக் கவுனோட என் நாற்காலிக்குப் பின்னால நிக்கிறா. திரையில தன்னைப் பார்த்ததும் கைய ஆட்டினா. மிஸ் லானும் ஆட்டினாங்க. யாரு இந்தக் குட்டிப் பொண்ணுன்னு கேட்டாங்க.

— ம்.

— நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள விஷால் சொல்லிட்டான். அது மேடத்தோட அக்கா பொண்ணு, மேடத்துக்குக் கல்யாணமே ஆகல, தனி ஆளு, நாளைக்கே கெளம்பச் சொன்னாலும் கெளம்பிடுவாங்கன்னான்.

— தீபி முன்னாலயேவா?

— இங்கிலீஷ்லதான் சொன்னான். உங்க பொண்ணுக்கு இங்கிலீஷ் தெரியும்ங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

— அவ கேட்டுட்டாளா?

— என் தோள்பட்டையப் பிடிச்சுட்டு நின்னா. அம்மா, உனக்கு அக்காவே இல்லையேன்னா.

— தோ பாரு. குடும்பம் குட்டின்னு சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு விஷால்தான் சொன்னான். எல்லாப் பொம்பளைங்களுக்கும் அப்படித்தான் போட்டு அனுப்பறானாம். நான் இன்னா, உன்ன வித்துட்டனா? ஒரு வார்த்தை. நீ போயி நிலையா ஒக்காந்துட்டா அப்புறம் மெதுவா மாத்திக்கலாம். அது வரிக்கும் தீபிய அம்மா பாத்துக்கும். எல்லாம் கணக்குப் போட்டுத்தான் பண்ணேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

— கேட்டா நீ ஒத்துக்க மாட்ட.

— ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் நீங்க கேக்கல.

— சரி, தப்புதான். போதுமா? அப்ப நீ இன்னா சொன்ன அவங்ககிட்ட?

— தீபியத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். கேமராவுக்கு நேரா அவ மூஞ்சி தெரியற மாதிரி. இவ என் பொண்ணு, நான் பெத்த பொண்ணு, பேரு தீபிகான்னு சொன்னேன். ஓனர் மூஞ்சி போன போக்கப் பார்க்கணும் நீங்க. மாடிப்படியில செத்த எலியப் பார்த்துட்டவங்க மாதிரி அப்படியே சுருங்கிடுச்சு. எங்க ஸ்கூலுக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு மேடம்னு சொல்லிட்டு லைன கட் பண்ணிட்டாரு. ஊரையே ஏமாத்துற மனுஷன், என்கிட்ட கௌரவம் பேசுறாரு.

— புள்ள கீதுன்னு சொன்னதுக்கு இன்னாத்துக்கு கௌரவம் போவுது? கண்ணாலம் ஆனவளுக்குப் புள்ள இருக்காதா? லூசா அவன்?

— அவருக்கு என்ன தோணிச்சோ. நான் கேக்கல. லேப்டாப்ப மூடிட்டுக் குளிக்கப் போயிட்டேன். விடிஞ்சதும் ஒரு தடவ குளிச்சாச்சு, மறுபடியும் குளிச்சேன். மூஞ்சிய சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன் தேய்க்கிறேன், எரிச்சல் எடுக்கிற வரைக்கும் தேய்க்கிறேன். வெளிய வந்து பார்த்தா தீபி கண்ணாடி முன்னால நின்னுட்டு, தன் மூக்கையும் நம்ம கல்யாண போட்டோல இருக்கிற என் மூக்கையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு இருக்கா.

— போதும் விடு கார்த்தி. கொழந்தைங்க மறந்துடும். நான் ஊட்டுக்குப் போனதும் பேசிக்கிறேன் அவகிட்ட. நீ ஒரே ஒரு காரியம் பண்ணு. விஷாலுக்குப் போன் போட்டு, ஏதோ கோவத்துல பேசிட்டேன், சாரின்னு சொல்லு. அவன் வேற ஸ்கூல் பாத்துக் குடுப்பான்.

— தேவையில்ல. மத்தியானம் மிஸ் லானே என்னைக் கூப்பிட்டாங்க.

— யாரு, அந்தக் கெழவியா? இன்னாவாம்?

— அவங்க அந்த ஸ்கூல விட்டு நிக்கப்போறாங்களாம். கண்ணாடி ரூம் வேலை அவங்களுக்கும் ரொம்ப நாளா குமட்டிட்டுத்தான் இருந்துச்சாம். அவங்க தங்கச்சி அதே ஊர்ல ஒரு எடம் நடத்துறாங்க. நர்ஸுங்க, ஹோட்டல்ல வேலை செய்யறவங்க, அந்த மாதிரி பெரியவங்க இங்கிலீஷ் கத்துக்க வர்ற எடம். அங்க ஒரு டீச்சர் வேணுமாம். என் பேர்லயே, என் மூஞ்சியோடயே நிக்கலாம்னாங்க. வரும்போது அந்த நீளக் காயையும் கொண்டு வாங்கன்னாங்க. சம்பளம் அந்த ஆளு சொன்னதவிடக் கொறச்சல்தான்.

— இன்னாமே, இவ்ளோ நேரம் இத சொல்லாம ஏரிய வெறிச்சிகினு ஒக்காந்திருந்த? இதுவும் விஷால் மாதிரி டுபாக்கூரா இருந்தா?

— நானும் அப்படித்தான் பயந்தேன். விசா யார் எடுப்பாங்க, பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கும், பிடிக்கலன்னா திரும்பி வர விடுவீங்களான்னு எல்லாம் கேட்டேன். சுத்தி வளைக்காம பதில் சொன்னாங்க. அங்க வேலை பார்க்குற ஒரு கோட்டயத்துக்காரம்மா நம்பரும் குடுத்தாங்க. அவங்ககிட்டயும் பேசினேன். மழைக்காலத்துல துணி காயாது, பாக்கியெல்லாம் நல்லாருக்குன்னாங்க. எங்கப்பாகிட்டயும் சொல்லிட்டேன். நல்லா யோசிச்சுக்கோ, யோசிச்சு முடிவெடுத்துட்டா அப்புறம் யோசிக்காதன்னாரு.

— அப்ப தீபி?

— தீபி என்கூடத்தான். பக்கத்துத் தெருவுலயே பள்ளிக்கூடம் இருக்காம். வீடு கெடைக்கிற வரைக்கும் தன் வீட்டு மாடியில இருந்துக்கலாம்னாங்க மிஸ் லான். அவங்களும் ஒத்தையா நின்னு ஒரு பையன வளர்த்தவங்களாம். நீ குழந்தைய மடியில தூக்கி வச்ச பாரு, அதப் பார்த்துட்டுத்தான் உன் நம்பரத் தேடிப் பிடிச்சேன்னாங்க. நான் வரேன்னு சொல்லிட்டேன்.

— சொல்லிட்டியா? பாத்தியா, கெட்டதுலயும் ஒரு நல்லது. நான் அந்த விஷாலப் புடிக்கலன்னா இந்த அம்மா உனக்குக் கெடச்சிருக்குமா? இனிமே தீபிய எவன் அக்கா பொண்ணும்பான்? ராஜா மாதிரி குடும்பத்தோட போய் எறங்கலாம். அங்கயும் ஃபேக்டரிங்க நெறைய கீதுன்றாங்க, நான் எதுனா ஒண்ணுல தொத்திக்கிறேன். அம்மாவ அக்கா ஊட்டுல உட்டுட்டு வந்துர்றேன். ஆமா, உனக்கு விசா அடிச்சா புருஷனுக்கும் சேத்து அடிப்பாங்கதான?

— அத நான் கேக்கலங்க.

— இன்னாத்துக்குக் கேக்கல? முக்கியமான மேட்டரே அதுதான? இப்பவே போன் போட்டுக் கேளு.

— தீபி என் பொண்ணுங்கறத மட்டும்தாங்க நான் திருத்திச் சொன்னேன். எனக்குக் கல்யாணம் ஆகலன்னு நீங்க சொல்லி வச்சத, ஓனர்கிட்டயும் சரி, மிஸ் லான்கிட்டயும் சரி, நான் திருத்தவே இல்ல.